செப்புக் குடத்துத் தண்ணீரும் உன் மீன் தொட்டியும்

அசோக் நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கணேசுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உங்கப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மனசளவில் எப்படி என்பதை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீயும் ஜெயஸ்ரீயும் அந்தக் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வடபழனி ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். தினமும்தான் போனில் முகம் பார்க்கிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசலாமென்றால் உங்கப்பா பக்கத்திலேயே நிற்கிறார். செய்தி அனுப்பலாமென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே போன், அது எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால்தான் சமையலறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, மாவு டப்பாவின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நாளைக்கு மயிலாப்பூரில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் கூரியரில் போட்டுவிடுவேன். விஷயம் வேறு ஒன்றும் இல்லை, உன் மீன் தொட்டிதான். அதைத் தவிர இந்த வீட்டில் வேறு விஷயம் என்ன இருக்கிறது?

முதலில் என் ஆற்றாமையைக் கொட்டிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதை ஒழுங்காக எழுத வரும். நீ விமானம் ஏறும்போது என்ன சொன்னாய்? "ஆறு மாசம் மட்டும் பாத்துக்கோங்கம்மா, அதுக்குள்ள யாருக்காவது குடுத்துடலாம்" என்றாய். மூன்று தீபாவளி போய்விட்டது. ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல் உட்கார்ந்திருக்கிறது, டி.வி. படுக்கையறைக்குப் போய்விட்டது, நான் சீரியலை உங்கப்பாவின் குறட்டையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கோடையில் கரண்ட் போனால் எங்கள் தலைக்கு மேல் விசிறி நின்றுவிடுகிறது, உன் மீனுக்கு மட்டும் இன்வெர்ட்டரில் அலை அடித்துக்கொண்டிருக்கிறது. அதுகளுக்குத் தண்ணீரைக் குளிர வைக்கத் தனியாக ஒரு இயந்திரம், அது விடுகிற சூட்டுக் காற்று முழுக்க என் பூஜை அலமாரிப் பக்கம். தெறிக்கிற உப்பு காய்ந்து தரையிலும் தேக்கு ஸ்டூலிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, துடைத்துத் துடைத்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் எங்களைக் கேட்பதற்கு முன்னால் மீனைத்தான் நலம் விசாரிக்கிறார்கள். அவர்களை விடு, உன்னைச் சொல்ல வேண்டும். தொட்டியைப் பார்க்க ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனாயே, போன மாதம் அதற்கு நேர் எதிரில்தான் நான் ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டதும், பிள்ளை பார்த்துவிட்டுப் பதறிக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். இடது பக்க விளக்கு மங்கலாகத் தெரிகிறதே, என்ன ஆச்சு என்று கேட்டாய்.

சரி, அது போகட்டும். உங்கப்பாவுக்கு ஆரம்பத்தில் இந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது, உனக்குத் தெரியும். கடலில் இருக்க வேண்டியதைக் கண்ணாடிக்குள் போட்டு வைத்துக் கரண்ட்டைக் கரியாக்குகிறான் என்று புலம்பிக்கொண்டிருந்தவர்தான். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, தி. நகர் பாத்திரக் கடையை உன் சித்தப்பா சங்கரனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், மனுஷருக்குக் கை சும்மா இருக்கவில்லை. என் சமையலறைக்குள் புகுந்து எவர்சில்வர் டப்பாக்களைக் கடையில் அடுக்குவது போல அளவுவாரியாக அடுக்கி வைத்தார், பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் நான் ஒரு வாரம் ரசம் வைக்கவில்லை. அந்தத் தொல்லை தாங்காமல்தான், போய்ப் பிள்ளையுடைய மீனையாவது பாருங்கள் என்று விரட்டிவிட்டேன். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டு, அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒத்துப் பார்ப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார், கழற்றிவிட்டுப் பார்ப்பார், சந்தேகம் தீராமல் என்னைக் கூப்பிட்டு இது பச்சையா நீலமா என்பார். பிறகு போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "கணேசு, அப்பா பேசுறேன். உப்பு முப்பத்தஞ்சு. சூடு இருபத்தாறு. எல்லாம் நல்லா இருக்கு" என்று உனக்குப் பேசி அனுப்புவார். வானொலியில் செய்தி வாசிப்பது போல ஒரு குரல்.

நீயும் பதில் போடுவாய். சாயங்காலம் கூப்பிட்டு "அப்பா, கால்சியம் ஏன் குறையுது, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பாய். பிறந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, இல்லை, அவ்வளவுதான் உங்கள் பேச்சு. கடையை நீ பார்த்துக்கொள்ளவில்லை என்ற வருத்தம் அவருக்கு, படித்ததை அவர் மதிக்கவில்லை என்ற வருத்தம் உனக்கு, நடுவில் நான். அப்படி இருந்தவர்கள் ஒரு நத்தையைப் பற்றி அரைமணி நேரம் பேசினீர்கள். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டே இருப்பேன், குழம்பு தீய்ந்தாலும் நகர மாட்டேன். இத்தனை உப்பைத் துடைத்தும் தொட்டியை எடுத்துவிடு என்று நான் ஒரு நாளும் உன்னிடம் கேட்காததற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

ஆடி முடிந்த கையோடு பிடித்தது சனி. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே அந்த நத்தைகள், ஒவ்வொன்றாகப் பிடி விட்டு மணலில் விழுந்தன. பிறகு மீசை நீண்ட அந்தச் சிவப்பு இறால், உங்கப்பா கையை விட்டால் வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யுமே, அது ஒரு நாள் காலையில் பக்கவாட்டில் கிடந்தது. உங்கப்பா அன்றைக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பவளங்கள் விரியவில்லை, சுருங்கிச் சுருங்கி வெளுத்துப்போயின. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல வளைய வந்தன. நீ கேட்ட அளவுகளையெல்லாம் அவர் ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்துச் சொன்னார், எல்லாமே சரியாகத்தான் இருந்தன. தண்ணீரில் குறை இல்லை, ஜந்துக்கள் மட்டும் சாகின்றன. நீ அடையாறு மீன் கடைக்காரன் ஷ்ரவணை அனுப்பினாய். நல்ல பிள்ளைதான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். வந்தவன் நாலு திசையும் மோந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சாம்பிராணி போடுவீங்களா?" என்றான். அழுக்கை நுரையாக்கி எடுக்கிற அந்தக் குழாய் ஹால் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறதாம், வெள்ளிக்கிழமை நான் போடுகிற புகையெல்லாம் அதோடு சேர்ந்து உள்ளே போகிறதாம், அதுவாக இருக்கலாம் என்றான்.

இருக்கலாம் என்றுதான் அவன் சொன்னான். நீ கேமராவில் பழைய வெள்ளிக்கிழமைகளையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு "அம்மா, நீங்கதான் கொன்னுட்டீங்க" என்றாய். பரவாயில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து போடுகிற சாம்பிராணியை நிறுத்தினேன். எண்ணெய்ப் புகையும் ஆகாது என்றாய், வறுவலை நிறுத்தினேன். உன் மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் வஞ்சிர வறுவல் போச்சு, கேட்டால் யாராவது நம்புவார்களா? கொசுவத்தியும் கூடாது என்றாய், கொசுவிடம் கடிபட்டோம். இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருந்த நத்தைகளும் விழுந்தன. அப்போதாவது, ஒருவேளை அம்மா காரணம் இல்லையோ என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அதெப்படித் தோன்றும்.

உங்கப்பா பதறிப்போனார். நீ வாரம் ஒரு தடவை மாற்றச் சொன்ன தண்ணீரை மூன்று தடவை மாற்றினார். மாற்ற மாற்ற இன்னும் மோசமானது. அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. பாக்கெட் உப்பைக் கலக்கிச் செய்கிற கடலை நம்பக் கூடாது, நிஜக் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொல்லி, நான் கரடியாய்க் கத்தியும் கேட்காமல் ஆட்டோவில் கேன்களை ஏற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் நின்று கேனை முக்கி எடுத்ததைப் பார்த்து, மீன் விற்கிற அம்மா ஒருத்தி, "இன்னா நைனா, கடலையே வூட்டுக்கு எடுத்துக்கினு போறியா? எங்களுக்குக் கொஞ்சம் வுட்டு வையி" என்றாளாம். இவரே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார், பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். ஆட்டோ சீட்டெல்லாம் உப்புத் தண்ணீர், அந்த ஆள் நம் வாசலில் நின்று போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. கரையோரத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது என்று ஷ்ரவண் போனில் சொல்லிவிட்டான். கேன்கள் இன்னும் பால்கனியில் நிற்கின்றன, நான் துணி உலர்த்த இடமில்லை, யாருடைய செடியிலாவது கொண்டுபோய்க் கொட்டிவிடுவாரோ என்று காவல் வேறு இருக்கிறேன்.

அதற்கு மறுவாரம்தான் நீ கூப்பிட்டாய். பவளம் எல்லாம் வெள்ளை எலும்பாக நிற்பதைக் கேமராவில் பார்த்திருந்தாய், உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை, குட்டியாக வாங்கி வைத்து வளர்த்தது. ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது, கணேசு. "அப்பா, இனிமே நீங்க எதையும் தொடாதீங்க. பாத்துக்கத் தெரியலைன்னா விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை ஷ்ரவண் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றாய். கடையில் இருந்த காலத்தில் அவர் எதிரில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். அவர் "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். ஈரமே இல்லாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை, இப்போதும் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

சொன்னபடி ஷ்ரவண் பெட்டிகளோடு வந்தான். உங்கப்பா பார்க்கப் பிடிக்காமல், கடை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டார். நம் மீன்களைத் தன் கடைத் தொட்டியில் விட்டால் அங்கே இருக்கிறவற்றுக்கு ஏதாவது வந்துவிடக் கூடாதே என்று ஷ்ரவண் தண்ணீரை எடுத்து, இதுவரைக்கும் யாரும் பார்க்காத வேறு ஒரு சோதனையைச் செய்தான். குப்பியில் நிறம் ஏறியதும் அவன் முகம் மாறிவிட்டது. "ஆன்ட்டி, தண்ணியில காப்பர் ஏறியிருக்கு. மீனுக்கு இந்த அளவு தாங்கும், நத்தை, எறா, கோரல் இதுக்கெல்லாம் விஷம். எங்கருந்து வருது?" என்றான். பம்பைக் கழற்றினான், குழாயைத் தடவினான், ஒன்றும் இல்லை. கடைசியில் தண்ணீர் ஃபில்டரைப் பார்க்கிறேன் என்று சமையலறைக்குள் வந்தான். மேடைக்கு அடியில் வரிசையாக மூன்று செப்புக் குடங்கள், புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று, நிறைய நிறையத் தண்ணீரோடு, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தன. நான் தினமும் பார்க்கிற குடங்கள்தான். குடிப்பதற்கு வைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். "அங்கிள் தொட்டிக்கு இதுலருந்தா ஊத்துறாரு?" என்று அவன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

தொட்டியில் ஆவியாகிற அளவுக்குத் தினமும் உப்பில்லாத சுத்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அதை அவர் ஒரு நாள் தவறியதில்லை. ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற தண்ணீரை நீ வாங்கி வைத்த பிளாஸ்டிக் கேனில்தான் ஆரம்பத்தில் பிடித்து வைத்தார். ஆடியில் அதை விட்டுவிட்டுச் செப்புக் குடத்துக்கு மாறியிருக்கிறார். இரவெல்லாம் அதில் வைத்து, காலையில் நான் குளிக்கிற நேரத்தில், கேமராவுக்குத் தெரியாத பின்பக்கமாகத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் மாற்றுவதற்கும் அதையே உப்பில் கலந்து, நோய் முற்ற முற்ற இன்னும் அதிகமாக ஊற்றி. அந்தச் சுத்தத் தண்ணீரில் வேறு எதுவும் இல்லாததால் செம்பை இன்னும் வேகமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளுமாம், தேய்த்துப் பளபளப்பாக வைத்த பாத்திரம் என்றால் கேட்கவே வேண்டாமாம். உலகத்தில் வேறு யாருக்காவது இது தோன்றியிருக்குமா சொல்லு. பாத்திரக் கடைக்காரருக்குத்தான் தோன்றும். கல்யாணச் சீர் வாங்க வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் "ராத்திரி செம்புல வச்ச தண்ணி காலையில மருந்தும்மா" என்று சொல்லிச் சொல்லி விற்றவர். நமக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே என்று நினைத்துவிட்டார்.

நான் ஷ்ரவணிடம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன், இதை அங்கிளிடமும் சொல்லாதே, கணேசிடமும் இப்போதைக்குச் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. மீனை இப்போது இடம் மாற்றக் கூடாது என்று அவன் உன்னிடம் சொன்னானே, அதற்குக் காரணம் இதுதான். பாறையும் மணலும் செம்பைக் குடித்து வைத்திருக்கின்றனவாம், பவளமும் நத்தையும் அந்தத் தொட்டியில் பிழைக்க இன்னும் பல மாதம் ஆகலாமாம். மீன்கள் இருந்துகொள்ளும் என்றான், செம்பை இழுக்க ஏதோ ஒரு பையைத் தண்ணீர் ஓடுகிற வழியில் போட்டுவிட்டுப் போனான். மிச்சப் பாடு என் பாடு. குடங்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, எதிர் வீட்டுச் சந்திரமௌலி பையனுக்கு வேளச்சேரியில் கிரகப்பிரவேசம், கேட்டார்கள் கொடுத்துவிட்டேன் என்றேன். இவர் மாடிப்படியில் சந்திரமௌலியைப் பிடித்து வாழ்த்துச் சொல்லி, எத்தனை பெட்ரூம் என்று வேறு விசாரித்தார். அந்த மனுஷன் முழித்த முழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சரி, அதோடு விடுவார் என்று பார்த்தால் மறுநாளே கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு குடம், மூடியோடு, எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதையும் தொடாதே என்று பிள்ளை சொன்னானே என்றால், "தொடலை சரோஜா, தண்ணி மட்டும்தான் ஊத்துறேன். ஊத்தலைன்னா உப்பு ஏறிடும்ல" என்கிறார். அதனால் நான் அவருக்குத் தெரியாமல் ஃபில்டர் தண்ணீரைக் கேனில் பிடித்து, துணிக்கூடைக்குப் பின்னால் மறைத்து வைத்து, அவர் குளிக்கப் போகிற சமயத்தில் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீரை நிரப்பி வைக்கிறேன். இந்த வயதில் சொந்த வீட்டில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது தேவையா?

நேற்று சும்மா கேட்பது போலக் கேட்டேன், ஏங்க, பிள்ளை வாங்கி வைத்த கேன் நன்றாகத்தானே இருந்தது, குடத்துக்கு எதற்கு மாறினீர்கள் என்று. "அவன் ஆசையா வளர்த்தது. போயும் போயும் பிளாஸ்டிக்குல பிடிச்சதை ஊத்தவா?" என்றார். இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவள், அடுப்படியில் போய் அழுதேன். அந்தச் செம்புதான் பிள்ளை வளர்த்ததையெல்லாம் கொன்றது என்று இவரிடம் யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. மருந்து என்று சொல்லி வாழ்நாள் பூராவும் எல்லோருக்கும் விற்ற பொருளை, பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தபோது அது விஷமாகிவிட்டது என்றால் அவர் தாங்க மாட்டார். ஆபரேஷன் ஆன நெஞ்சு, நினைவிருக்கட்டும்.

ஆனால் நான் எத்தனை நாளைக்குக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருப்பேன்? நான் சொன்னால் ஆயிரம் நியாயம் பேசுவார், நீ சொன்னால் மறுபேச்சு இல்லை. அதனால் நீ சொல். தண்ணீரை எதிலும் பிடித்து வைக்க வேண்டாம் அப்பா, ஃபில்டர் குழாயையே நேராகத் தொட்டிக்குள் விட்டுவிடலாம், ஷ்ரவண் வந்து மாட்டித் தருவான் என்று சொல். புது முறை என்று சொல். எது வேண்டுமானாலும் சொல், குடம் என்ற வார்த்தை மட்டும் உன் வாயில் வரக் கூடாது. பெரிய படிப்பெல்லாம் படித்தவன்தானே, அப்பாவிடம் ஒரு பொய்யை நல்லபடியாகச் சொல்லப் பார். அப்புறம், தொட்டி எங்கேயும் போகாது. அதை நான் முடிவு செய்துவிட்டேன், ஷ்ரவணிடமும் சொல்லிவிட்டேன். பவளம் இல்லாவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். உன் அப்பா இருக்கிறார்.

நீ திட்டிய மறுநாளிலிருந்து உனக்குச் செய்தி வருவதில்லை, கவனித்தாயோ இல்லையோ. அவர் விட்டுவிட்டார் என்று நினைத்திருப்பாய். விடவில்லை. காலையில் அதே மாதிரி குப்பியில் சொட்டு விடுகிறார், நிறம் பார்க்கிறார், போனை வாய்க்கு நேராகப் பிடித்து, கணேசு, அப்பா பேசுறேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறார். சொல்லி முடித்து ஒரு தடவை போட்டுக் கேட்கிறார். பிறகு அழித்துவிடுகிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாளிதழை எடுத்துக்கொள்கிறார்.

இன்றைக்குக் காலையில் என்னை "சரோஜா, இங்க வா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஈரக் கையோடு ஓடினேன். அந்த ஆரஞ்சு மீன் ஜோடி, வெள்ளைப் பட்டை போட்டதுகள், பாறைக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாத மூலையில் முட்டை வைத்திருக்கின்றன. கேசரியில் ரவை உதிர்ந்தாற்போலச் சின்னச் சின்னதாக, ஒட்டிக்கொண்டு, எண்ணி முடியாது. ஆண் மீன்தான் காவலாம், துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்குமாம், பெண் மீன் பாட்டுக்குச் சுற்றிவருமாம். மீனுக்காவது கொடுத்து வைத்திருக்கிறதே என்றேன், அவர் காதில் விழவில்லை. முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. உடனே போனை எடுத்து உனக்குச் சொன்னார், முட்டை எந்தப் பக்கம், என்ன நிறம், எல்லாம் விவரமாகச் சொன்னார். கேட்டார். அழித்துவிட்டார். ஏங்க என்றதற்கு, "அவனுக்கு வேலை இருக்கும். தொட்டியே வேண்டாம்னு சொல்லிட்டான், இதைப் போயி சொல்லிக்கிட்டு" என்றார்.

கணேசு, எனக்கு மீனும் தெரியாது, முட்டையும் தெரியாது. அவர் அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

ஜெயஸ்ரீக்கு என் அன்பையும் ஆசீர்வாதத்தையும் சொல். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்க வேண்டாம், ஊறுகாய் தீர்ந்திருந்தால் சொல்லி அனுப்பச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனஸ்தாபம் இல்லாமல், நீண்ட நாள் நன்றாக இருங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிடு. தொட்டி எப்படிப்பா இருக்கு, ஏதாவது விசேஷம் உண்டா என்று கேள். அவர் முட்டையைப் பற்றிச் சொல்லும்போது முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேள், நடுவில் குறுக்கே பேசாதே. நாலு வார்த்தை பேசிவிட்டு, இந்தா அம்மாவிடம் பேசு என்று வழக்கம் போலப் போனை நீட்டப் பார்ப்பார். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் இறங்கி வர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சரோஜாதேவி